வழிகாட்டியின் மறுப்பும் வழிநடப்போர் பொறுப்பும்

பிறர் அறிவை நம்பித் தன் உயிரை ஒப்படைக்கும் ஒருவன் தன் பகுத்தறிவையும் உடன் ஒப்படைத்துவிடுகின்றானா? மருத்துவரை நாடும் நோயாளியும் மீகாமனை நம்பும் கடற்பயணியும் எதிர்கொள்ளும் இவ்வினா, கனடாவின் பனிமலைகளில் மிகக் கூர்மையடைகின்றது.

பிரித்தானிய கொலம்பியா மாகாணத்தின் செல்கேர்க் மலைகளில், 1975 ஆம் ஆண்டு தொடக்கம், சங்கிலிப்பட்டையில் ஊரும் 'சினோகற்' எனும் பனியூர்தி சறுக்குவோரை முகடுகளுக்கு ஏற்றிச் செல்கின்றது. செப்பனிட்ட தடம் எதுவும் அங்கில்லை. வழிகாட்டி முதலில் இறங்குவார். அவர் குறித்த எல்லைக்குள் ஏனையோர் ஒருவர்பின் ஒருவராய்த் தொடர்வர். கீழே ஊர்தி காத்திருக்கும். ஒரு பகலில் இது பலமுறை நிகழும். முழங்காலளவு புதுப்பனியில் ஓசையின்றி மிதந்திறங்கும் இன்பத்திற்காகவே அவர்கள் பெரும்பொருள் செலவிடுகின்றனர்.

ஆயின் அப்புதுப்பனியே ஆபத்தின் ஊற்றுமாகும். அடியில் நலிந்த படையொன்று இருப்பின், புதிய பாரத்தோடு ஒரு மனிதனின் எடையும் சேர, மேற்படை பலகைபோற் பிளந்து வழுக்கும். பெரும்பாலான பனிச்சரிவுகள் 30 முதல் 45 பாகை வரையான சாய்வுகளில் நிகழ்கின்றன. தேர்ந்த சறுக்குநர் விரும்புவனவும் அத்தகையனவே.

எவரும் தொடாத அழகிய சாய்வொன்றின் தலைப்பில் நின்று, "இன்று இங்கு இறங்கோம்" என வழிகாட்டி கூறுவதாகக் கொள்வோம். பணங்கொடுத்தோர் முகம் வாடுகின்றது. அம்மறுப்புச் சரியானதென்பதற்குச் சான்று யாது? இறங்காத சாய்வு சரிந்திருக்குமா என்பதை எவரும் அறியார். இறங்கியும் சரியாத சாய்வு பாதுகாப்பானது என்பதற்கும் அது சான்றன்று. அன்று அது பொறுத்தது, அவ்வளவே. எனவே, விளைவை மட்டும் கொண்டு செயலை அளக்கும் அளவுகோல் இங்கு பயன்படாது. பனிப்படைகளை அகழ்ந்து நோக்கியமை, வானிலையை ஆய்ந்தமை, சக வழிகாட்டியரோடு கலந்தமை ஆகிய காரணங்களே அம்மறுப்புக்குத் தகுதியளிக்கின்றன.

தமக்காகச் சிந்திக்கும் பணியைப் பிறரிடம் விட்டுவிடும் சோம்பலை 1784 இல் இம்மானுவேல் கான்ற் கண்டித்தார். ஐக்கிய அமெரிக்காவில் 1972 முதல் 2003 வரை நிகழ்ந்த 715 பனிச்சரிவு விபத்துக்களை ஆராய்ந்த இயன் மக்கமனும், தலைமைதாங்குவோன்மீது வைக்கும் மிகைநம்பிக்கையை அறிவை மயக்கும் பொறிகளுள் ஒன்றாகக் கண்டார். 2003 சனவரியில் இதே செல்கேர்க் மலைகளில், வழிகாட்டியருடன் பனிச்சறுக்குப் பயணம் சென்ற குழுவொன்றில் எழுவர் பனிச்சரிவில் மாண்டனர். வழிகாட்டியின் அறிவும் எல்லையுடையதே.

அவ்வாறாயின் வழிகாட்டியை ஐயுற்று, அவரவர் விரும்பிய வழியே செல்வதா? அன்று. சறுக்குவோர் ஒவ்வொருவரும் சமிக்ஞைக் கருவியும், துழாவு கோலும், மண்வாரியும் சுமக்கின்றனர். அவற்றைக் கையாளும் முறையைப் புறப்படுமுன் பயில்கின்றனர். புதையுண்டவர் பிழைக்கும் வாய்ப்பு முதற் பத்து நிமிடங்களின்பின் விரைந்து குறைகின்றது. முதலில் இறங்கும் வழிகாட்டியே புதையுண்டால், அவரை மீட்க வேண்டியோர் அவர்பின் வந்தோரே. பாதையைத் தெரியும் உரிமையை அவரிடம் அளிக்கலாம். அவருக்காகவும் உடன்வருவோருக்காகவும் ஏற்ற பொறுப்பை அளிக்கவியலாது.

திருக்குறளின் 51 ஆம் அதிகாரம் 'தெரிந்து தெளிதல்' எனப் பெயர் பெறும். ஆராய்ந்த பின்னரே நம்புதல், நம்பிய பின்னர் ஐயுறாதிருத்தல் என்னும் இரண்டும் அங்கு இணைந்து நிற்கின்றன. ஆராய்ந்து நம்புவோன் தன் பகுத்தறிவை இழப்பதில்லை. நம்புவதிலேயே அதனைப் பயன்படுத்துகின்றான். ஆகவே, மறுக்கப்பட்ட சாய்வின் தலைப்பில் நிற்போர் வழிகாட்டியிடம் காரணம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். கேட்டுத் தெளிந்தபின், சான்று காட்டவியலாத அம்மறுப்பை ஏற்று வேறுவழி இறங்குதல் அடிமைத்தனமாகாது.