கணக்குப் பதிவும் மனிதத் தீர்ப்பும்

கணக்கு என்பது எண்களின் துறை என்றும், எண்களுக்கு அறமோ மறமோ இல்லை என்றும் பொதுவாகக் கருதப்படுகின்றது. கவிதையிலும் நாவலிலும் மனிதனைத் தேடும் நாம் பேரேட்டில் அவனைத் தேடுவதில்லை. ஆயினும் ஒரு நிறுவனத்தின் பேரேடு அந்நிறுவனம் தன்னைப் பற்றி உலகுக்குக் கூறும் வரலாறாகும். இன்ன பணம் இன்ன காரியத்துக்குச் செலவாயிற்று என்று அது கூறுகின்றது. அக்கூற்று மெய்யோ பொய்யோ என்பது கூட்டல் கழித்தலால் மாத்திரம் தீர்க்கப்படும் விடயமன்று. இன்று அக்கூற்றின் ஒரு பகுதியைக் கணினியிடம் ஒப்படைக்கும் வழக்கம் பரவி வருகின்றது. பொருள் வழங்குநர் அனுப்பும் விலைச்சிட்டையை வாசித்து, அதனை எந்தக் கணக்கிற் பதிதல் வேண்டும் என்பதை இயந்திரமே ஊகித்துரைக்கின்றது. சிறியதோர் அலுவலகக் காரியம் என்று இதனை ஒதுக்கிவிடலாம். ஆனால் தீர்ப்பு என்பது யாது, அதன் பொறுப்பு யாரைச் சாரும், உழைப்பாளியின் அறிவு யாருக்குச் சொந்தம் என்னும் மூன்று பெரும் வினாக்கள் இச்சிறு காரியத்துள் அடங்கிக் கிடக்கின்றன.

முதலில் வேலையின் தன்மையை நோக்குவாம். ஒவ்வொரு நிறுவனமும் தன் கொடுக்கல் வாங்கல்களை வகைப்படுத்துவதற்குக் கணக்குகளின் பட்டியலொன்றை வைத்திருக்கும். ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு குறியீட்டெண் உண்டு. பிரித்தானியாவில் நிறுவனங்கள் இவ்வெண்களைத் தத்தம் விருப்பப்படி வகுத்துக்கொள்கின்றன. பிரான்சிலோ 1947ஆம் ஆண்டு முதலாகத் தேசியப் பொதுக் கணக்குத் திட்டம் ஒன்று வழக்கிலிருந்து வருகின்றது. அத்திட்டத்தில் 2 என்னும் எண்ணோடு தொடங்குவன நிலையான சொத்துகள். 6 என்னும் எண்ணோடு தொடங்குவன செலவுகள். 615 பராமரிப்பும் திருத்த வேலையும், 623 விளம்பரம், 6257 விருந்துபசாரம். ஒரு சிட்டை வந்ததும் இலிகிதர் அதனைப் படித்து, இவ்வெண்களுள் ஒன்றை அதற்கு இடுகிறார். அந்த எண்ணே பின்னர் இலாபமாகவும், வரியாகவும், பங்குதாரருக்கான பங்கிலாபமாகவும், சில வேளைகளில் தொழிலாளர் கேட்கும் சம்பள உயர்வுக்கான மறுப்பாகவும் உருமாறுகின்றது.

இயந்திரம் இதனை எவ்வாறு செய்கின்றது? பழைய கணினி நிரல்களுக்கு விதிகளை மனிதர் எழுதிக் கொடுத்தனர். இயந்திரக் கற்றல் என்னும் முறையில் விதிகள் எழுதப்படுவதில்லை. கடந்த ஆண்டுகளில் இலிகிதர்கள் குறியீடிட்ட பல்லாயிரம் சிட்டைகள் அதற்குப் பாடநூலாகின்றன. வழங்குநரின் பெயர், பொருள் விவரத்தில் வரும் சொற்கள், தொகை, திகதி, கட்டளையிட்ட பிரிவு ஆகியவற்றுக்கும் முன்னர் இடப்பட்ட எண்ணுக்கும் இடையேயுள்ள தொடர்பினை அது கணித்துக்கொள்கின்றது. புதிய சிட்டையொன்று வந்ததும், இது 615 ஆதற்கு நூற்றுக்கு எண்பது நிகழ்தகவு, 2 ஆம் வகுப்புக் கணக்காதற்கு நூற்றுக்குப் பதினைந்து என்றவாறு விடை தருகின்றது. சுருங்கக் கூறின், இத்தகைய சிட்டைக்கு முன்னையோர் என்ன செய்தனர் என்பதே அது அறிந்த ஒரே செய்தி.

இம்முறையின் பயனை மறுப்பது நேர்மையாகாது. மின்சாரக் கட்டணச் சிட்டை மாதந்தோறும் வருகின்றது. மாதந்தோறும் அதே கணக்குக்குச் செல்கின்றது. அதில் ஆராய்வதற்கு யாதுமில்லை. மாத முடிவில், களைத்த கண்களோடு முந்நூறாவது சிட்டையைப் புரட்டும் இலிகிதரும் போன மாதம் என்ன எழுதினோம் என்று பார்த்தே எழுதுகிறார். அவ்வாறான உழைப்பு மனிதனை உயர்த்துவதன்று. அதனை இயந்திரம் ஏற்றுக்கொள்ளுமாயின், இயந்திரத்தின் மீது கோபங்கொள்ள முற்போக்காளருக்குக் காரணமில்லை.

ஆயினும் எல்லாச் சிட்டைகளும் மின்சாரச் சிட்டைகள் அல்ல. ஒரு கட்டட ஒப்பந்தகாரரின் சிட்டையை எடுத்துக்கொள்வோம். சீமெந்து, மணல், மேசன் கூலி என்று அதில் எழுதப்பட்டிருக்கின்றது. ஒழுகிய கூரையையும் வெடித்த சுவரையும் திருத்தியதற்கான சிட்டையாயின் அது இவ்வாண்டின் செலவு. புதியதோர் அறையைக் கட்டியதற்காயின் அது சொத்து. அதன் பெறுமதி பல ஆண்டுகளுக்குப் பகிர்ந்து கழிக்கப்படும். சீமெந்து ஒன்றே, மேசனும் ஒருவரே, தொகையும் ஒன்றாயிருத்தல் கூடும். வேறுபாடு நோக்கத்தில் உள்ளது. அந்நோக்கமோ சிட்டையில் எழுதப்படுவதில்லை. ஓர் உணவு விடுதியின் சிட்டையும் அத்தகையதே. பத்துப் பேருக்கான இராப்போசனம் ஊழியர் பயிற்சியின்போது அளிக்கப்பட்டதா, ஒப்பந்தம் ஒன்றைத் தீர்மானிக்கும் அதிகாரிகளை மகிழ்விக்க அளிக்கப்பட்டதா என்பதனைச் சோறும் கறியும் சொல்லமாட்டா. இவ்விடத்தில் நல்ல இலிகிதர் தொலைபேசியை எடுத்து, “இது எதற்காக?” என்று கேட்கிறார். தீர்ப்பு என்பது அக்கேள்வியிலேயே பிறக்கின்றது. இயந்திரமும் ஐயுறும் என்பது உண்மையே. எனினும் அதன் ஐயம் முன்னர்க் கண்டவற்றோடு இச்சிட்டை எவ்வளவு பொருந்துகின்றது என்பது பற்றியது. மனிதனின் ஐயம் இப்பதிவு சரியானதா என்பது பற்றியது. இவ்விரு ஐயங்களும் வேறு வேறானவை.

இவ்வேறுபாட்டின் பாரத்தை அமெரிக்காவின் வேர்ல்ட்கொம் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் வரலாறு காட்டும். தன் வாடிக்கையாளரின் அழைப்புகளைக் கொண்டுசெல்வதற்காகப் பிற நிறுவனங்களின் தொலைபேசி வழிகளுக்கு அது கட்டணம் செலுத்தி வந்தது. அது அன்றாடச் செலவு. 2001ஆம் ஆண்டிலும் 2002ஆம் ஆண்டின் முதற் காலாண்டிலும் அக்கட்டணத்தின் ஒரு பகுதி, மேலிடத்துக் கட்டளையால், செலவுக் கணக்கிலிருந்து சொத்துக் கணக்குக்கு மாற்றப்பட்டது. நட்டம் இலாபமாகத் தோன்றிற்று. நிறுவனத்தின் உள்ளகக் கணக்காய்வாளர்கள் இதனைக் கண்டுபிடித்த பின்னர், 2002 யூன் மாதத்தில் வெளியிடப்பட்ட தொகை 380 கோடி டொலருக்கு மேற்பட்டது. மறுமாதம் நிறுவனம் வங்குரோத்தாயிற்று. பல்லாயிரம் தொழிலாளர் வேலையிழந்தனர். தலைவருக்கு 2005ஆம் ஆண்டில் 25 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. இங்கு மனங்கொள்ளத்தக்கது யாதெனில், பணம் மெய்யாகவே செலுத்தப்பட்டிருந்தது. பொய்யாக இருந்தது அது சேர்க்கப்பட்ட கணக்கு ஒன்றே. கட்டளைப்படி பதிவு செய்த இடைநிலைக் கணக்காளர்கள் முதலில் தயங்கினர், பதவி விலகவும் எண்ணினர், ஈற்றில் இணங்கினர். அவர்களும் நீதிமன்றத்திற் குற்றத்தை ஒப்புக்கொள்ள நேர்ந்தது; ஒருவர் சிறை சென்றார். அவர்கள் இணங்கியது அவர்தம் பலவீனம். ஆனால் தயங்க முடிந்தது அவர்தம் மனிதத்தன்மை. அவ்வாண்டுகளின் திரிக்கப்பட்ட ஏடுகளைப் பாடநூலாக ஓர் இயந்திரத்துக்குக் கொடுத்திருப்பின், வழிக்கட்டணம் சொத்தென்றே அது கற்றிருக்கும். கற்றதைப் பிழையின்றி ஒப்புவித்தமைக்காகச் சிறந்த புள்ளிகளும் பெற்றிருக்கும்.

புள்ளிகள் பற்றியும் ஒரு வார்த்தை கூறல் வேண்டும். இத்தகைய இயந்திரங்களை விற்போர் நூற்றுக்கு இத்தனை சரி என்று விளம்பரஞ் செய்வர். நூறு சிட்டைகளுள் ஒன்று மாத்திரமே சொத்துக்குரியது என வைத்துக்கொள்வோம். சொத்து என்னும் சொல்லையே அறியாது, வருவன அனைத்தையும் செலவுகளுக்குள் ஒழுங்காகப் பிரிக்கும் ஓர் இயந்திரமும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சரி என்று பெருமை பேசலாம். ஆயின் அந்த ஒன்றிலேதான் சிந்தனை வேண்டியிருந்தது. எங்கே தீர்ப்பு அரிதாக வேண்டப்படுகின்றதோ அங்கேதான் இயந்திரத்துக்குப் படிப்பினையும் அரிதாகக் கிடைக்கின்றது. அன்றியும், இன்று அது தவறாகப் பதிந்து எவரும் திருத்தாது விட்ட சிட்டை நாளை அதற்கே பாடநூலாகின்றது. தவறு வழக்கமாகின்றது, வழக்கம் விதியாகின்றது. சமுதாயத்தில் மூடப்பழக்கங்கள் வேரூன்றுவதும் இவ்வாறே என்பதை நம் வாசகருக்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இனிப் பொறுப்பினை நோக்குவாம். நிகழ்தகவு ஓர் எல்லைக்கு மேற்படின் மனிதர் எவரும் பாராமலே பதிவு செய்துவிடும்படி இவ்வியந்திரங்கள் அமைக்கப்படலாம். அவ்வெல்லை தொண்ணூறா, தொண்ணூற்றெட்டா? இதனை இயந்திரம் தீர்மானிப்பதில்லை, நிருவாகம் தீர்மானிக்கின்றது. எல்லையைத் தாழ்த்தினால் இலிகிதர் குறைவர், சம்பளச் செலவு குறையும், தவறு கூடும். உயர்த்தினால் தவறு குறையும், சம்பளம் வேண்டியிருக்கும். ஆகவே தொழில்நுட்ப எண் போலத் தோன்றும் அது உண்மையில் உழைப்புக்கும் இலாபத்துக்கும் இடையே வரையப்பட்ட கோடாகும். தவறு வெளிப்படும்போது மட்டும், “கணினி அவ்வாறு பதிந்துவிட்டது” என்ற சொல் கேட்கும். இச்சொல்லில் எழுவாய் மறைக்கப்பட்டிருக்கின்றது. எல்லையை வரைந்தவர் யார் என்று கேட்பதே அவ்வெழுவாயை மீட்டெடுக்கும் வழி.

கணினியின் கூற்று மனிதனின் கூற்றினும் மேலானது என்ற நம்பிக்கை எங்கே கொண்டுசெல்லும் என்பதற்குப் பிரித்தானியத் தபாலகத்தின் ஹொரைசன் கணக்கு முறை சான்று. அது கற்கும் இயந்திரமன்று. சாதாரணக் கணக்கு நிரலே. 1999 முதல் 2015 வரையான காலத்தில், கணினி காட்டிய பற்றாக்குறையை ஆதாரமாகக் கொண்டு தொள்ளாயிரத்துக்கு மேற்பட்ட உபதபாலதிபர்களும் ஊழியரும் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டனர். அந்நிரலிற் பிழைகள் இருந்தன என்பதை 2019ஆம் ஆண்டில் இலண்டன் மேல்நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. 2024ஆம் ஆண்டில் பாராளுமன்றம் தனிச்சட்டம் இயற்றி அத்தீர்ப்புகளைத் திரளாக நீக்கவேண்டியதாயிற்று. கணினிக்கும் கடைக்கோடி ஊழியனுக்கும் வழக்கு நேரின், நிரூபிக்கும் சுமை ஊழியன் தலையிலேயே விழுகின்றது என்பதே இதன் பாடம்.

மூன்றாவது வினா உழைப்பாளியின் அறிவு பற்றியது. சார்ள்ஸ் பபேஜ் 1832ஆம் ஆண்டில் இயந்திரங்களின் பொருளாதாரம் பற்றி எழுதிய நூலில், பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் டி புரோனி என்பார் மடக்கை அட்டவணைகளைத் தயாரித்த முறையை விவரிக்கிறார். சூத்திரங்களைத் தெரிபவர் ஒரு சில கணித மேதைகள். அவற்றை எண்களாக்குவோர் இரண்டாம் படியினர். கூட்டலும் கழித்தலும் மட்டுமே செய்வோர் அறுபது முதல் எண்பது வரையானோர் மூன்றாம் படியினர். இம்மூன்றாம் படியினருட் பெரும்பாலோர் கூட்டல் கழித்தலுக்கு மேல் யாதும் அறியாதவராயிருந்தும் அவர்தம் கணிப்புகளே பெரிதும் பிழையற்றிருந்தன என்று அவர் குறிப்பிடுகிறார். சிந்தனையையும் கூறுபோட்டு மலிவாக வாங்கலாம் என்ற கொள்கை இங்குத் தெளிவாயிற்று. 1951ஆம் ஆண்டில் இலண்டனில், தேநீர்க்கடைகளை நடத்திய லயன்ஸ் நிறுவனம் லியோ என்னும் கணினியை வர்த்தக வேலைக்கு அமர்த்தியபோது, அலுவலகக் கணிப்பு இயந்திரத்தின் கைக்குச் சென்றது. அலுவலகம் எவ்வாறு தொழிற்சாலையின் சாயலைப் பெற்றது என்பதை 1974ஆம் ஆண்டில் ஹரி பிரேவர்மன் விரிவாக ஆராய்ந்தார். இன்று கணிப்பைக் கடந்து தீர்ப்பின் விளிம்புக்கு இயந்திரம் வந்துள்ளது. ஆனால் அது காட்டும் அறிவு வானத்திலிருந்து வந்ததன்று. ஆண்டாண்டாக இலிகிதர்கள் கேட்டும் ஆராய்ந்தும் இட்ட எண்களின் திரட்சியே அது. கடந்தகால உழைப்பு மூலதனமாகி, உயிருள்ள உழைப்பின் எதிரே நிற்கும் என்று மார்க்ஸ் 1867ஆம் ஆண்டிலேயே விளக்கியிருந்தார். தன் தீர்ப்புகளால் இயந்திரத்துக்குக் கற்பித்த இலிகிதருக்கு ஆசிரியர் என்ற பெயரும் இல்லை, குருதட்சணையும் இல்லை. பல இடங்களில் அவருக்குக் கிடைப்பது வேலை நீக்கக் கடிதமே.

ஈழத்தவராகிய நமக்கு இது தூரத்துச் செய்தியன்று. கொழும்பிலுள்ள அலுவலகங்கள் சிலவற்றில் பிறநாட்டு நிறுவனங்களுக்குரிய கணக்குப் பதிவுகள் செய்யப்படுகின்றன. உயர்தர வகுப்பில் வர்த்தகம் பயின்று வெளியேறும் மாணவர்க்கு அவ்வேலை ஒரு வாயில். அவ்வாயிலில் முதலிற் கிடைப்பன எளிய சிட்டைகளே. அவற்றில் ஆயிரம் கண்டு பழகிய பின்னரே, ஆயிரத்தோராவது சிட்டை வழமைக்கு மாறானது என்று உணரும் கண் திறக்கின்றது. எளியவற்றையெல்லாம் இயந்திரம் எடுத்துக்கொண்டு, கடினமானவற்றை அனுபவமுள்ளவர் பார்ப்பர் என்று கூறப்படுகின்றது. நன்று, ஆனால் நாளைய அனுபவசாலி எங்கே உருவாவார்? படிகளை அகற்றிவிட்டு மேன்மாடத்துக்கு ஆள் தேடுவது போன்றது இது.

ஆகவே இயந்திரம் வேண்டுமா, வேண்டாமா என்று வாதிடுவது பயனற்றது. எந்த நிபந்தனைகளோடு வேண்டும் என்பதே வினா. தன்னியக்கமாகப் பதியப்படும் ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால், எல்லையை வகுத்த மனிதரின் பெயரும் பதவியும் இருத்தல் வேண்டும். இயந்திரம் உறுதியோடு கூறியவற்றிலும் ஒரு பகுதியை மனிதர் கண்கொண்டு பரிசோதித்தல் வேண்டும். உறுதியும் உண்மையும் ஒன்றல்ல. இயந்திரத்தோடு மாறுபட்ட இலிகிதரின் காரணம் எழுத்திற் பதியப்படல் வேண்டும். அம்மாறுபாட்டுக்காக அவர் தண்டிக்கப்படலாகாது. இளையோர் கற்பதற்கென ஒரு பங்கு வேலை அவர்கள் கையிலேயே விடப்படல் வேண்டும். மிஞ்சும் நேரத்தின் பயன் முதலாளிக்கு மட்டுமன்றி உழைப்போருக்கும் பகிரப்படல் வேண்டும். இவை தாமாக வரமாட்டா. தொழிற்சங்கங்கள் கேட்டுப் பெறவேண்டியவை.

ஆசிரியர்களாகிய நமக்கும் இதில் ஒரு கடமை உண்டு. எந்தப் பதிவு எந்தப் பக்கத்துக்குரியது என்ற விடையை மனனஞ் செய்வித்தே நாம் பரீட்சைக்கு மாணவரை ஆயத்தஞ் செய்கின்றோம். முன்னைய விடைகளைக் கண்டு அதே விடையை ஒப்புவித்தல் இயந்திரத்துக்கு நம் மாணவரினும் நன்றாக வரும். ஏன் இக்கணக்கு, இதனால் நன்மை பெறுபவர் யார், இது எதற்காக என்று கேட்கும் பழக்கத்தை வகுப்பறையிலே வளர்ப்போமாயின், அக்கேள்வியை எந்த அலுவலகமும் அவர்களிடமிருந்து எளிதிற் பறித்துவிட முடியாது.