கள்ளாமையும் குடிமையும்



மூன்றாம் அணுவிரதமாகிய கள்ளாமையைப் பற்றிப் பேசும்போது, நாம் யார் வீட்டிலும் கன்னம் வைத்ததில்லையே என்று மனநிறைவு கொள்வோர் பலர். உமாஸ்வாமி ஆசாரியர் நம்மை அவ்வளவு எளிதில் விடவில்லை. தத்வார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் இவ்விரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைக் காட்டுகிறார். களவைத் தூண்டுதல், களவுப்பொருளைக் கொள்ளுதல், நாட்டின் முறைமையை மீறுதல், அளவையில் வஞ்சித்தல், கலப்படம் செய்தல் என்பன அவை. நடுவில் நிற்கும் ‘விருத்த ராஜ்யாதிக்கிரமம்’ என்பதனையே இன்று நாம் ஊன்றி நோக்க வேண்டும்.

முடியாட்சிக் காலத்தில் அது அரசனது ஆணையை மீறுதலாக இருந்தது. இன்று அரசன் யார்? 1949 நவம்பர் 26-இல் ஏற்கப்பெற்ற நம் அரசியலமைப்பு, தன்னைத் தந்தவர் மக்களே என்று முகவுரையில் அறிவிக்கின்றது. ஆகவே நிலத்தைப் பதிவு செய்கையில் விலையைக் குறைத்து எழுதுபவரும், வரியை மறைக்கும்பொருட்டு இரசீது இல்லாமல் வாங்கி விற்பவரும் எங்கோ இருக்கும் ஓர் அரசனை ஏமாற்றவில்லை. தம் ஊர்ப் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் சேர வேண்டியதையே எடுத்துக்கொள்கின்றனர். அவ்வாறு மிச்சம்பிடித்த பொருளில் ஒரு பங்கை ஜினாலயத் திருப்பணிக்கு அளிப்பதும் உண்டு. அதனைத் தானம் என்று சொல்ல என் நா எழவில்லை.

1976-இல் நாற்பத்திரண்டாம் திருத்தத்தால் 51-அ பிரிவு சேர்க்கப்பட்டது. குடிமக்களின் கடமைகள் பத்து அதில் வகுக்கப்பெற்றன, 2002-இல் பதினொன்றாயின. உயிர்களிடத்துக் கருணை கொள்ளுதல் அவற்றுள் ஒன்று. பொதுச்சொத்தைக் காத்து வன்முறையைக் கைவிடுதல் மற்றொன்று. இவற்றை மீறுவோர்க்கு அப்பிரிவில் தண்டனை எதுவும் கூறப்படவில்லை. தண்டனையில்லாத கடமை எதற்கு என்று வழக்கறிந்தோர் வினவலாம். விரதம் காப்பவர்க்கு இது புதிதன்று. கதிரவன் மறைந்தபின் நாம் உண்கிறோமா என்று எந்தக் காவலர் வந்து பார்க்கிறார்?

சிலப்பதிகாரத்தில் கோவலனைத் தீர விசாரியாது கள்வனென்று கொன்ற பாண்டியன், உண்மை தெரிந்ததும் தன்னையே கள்வனென்று தீர்ப்பிட்டு அரியணையிலேயே உயிர்விட்டான். இதனை யாவரும் பேசுவர். கவுந்தியடிகளை அவ்வளவாகப் பேசுவதில்லை. கோவலன் கண்ணகியரோடு மதுரைவரை வழிநடந்து, அவர்களை ஆயர்குல முதுமகள் மாதரியிடம் அடைக்கலமாகத் தந்தவர் அவர். கொலைச் செய்தி எட்டியதும் மாதரி தீயில் புகுந்தாள். அடிகள் உண்ணாநோன்பு ஏற்று உயிர் நீத்தார். அவ்விருவர்மேல் எந்த மன்றமும் குற்றம் சாட்டவில்லை. தம்மை நம்பி வந்தவர்க்குத் தாமே பொறுப்பு என்று அவர்கள் எண்ணினர்.