அடைக்கலமும் நிழற்படமும்

மனிதன் மனிதனை நம்பி ஒப்படைக்கும் பொருள்கள் பல. பணத்தை வங்கியில் ஒப்படைக்கிறோம். அதற்குச் சீட்டு உண்டு. பிள்ளையைப் பள்ளியில் ஒப்படைக்கிறோம். அதற்கு வருகைப் பதிவேடு உண்டு. ஆனால், வாழும் வீட்டையும், அதனுள் வாய் திறந்து முறையிட இயலாத ஓர் உயிரையும், முன்பின் அறியாத ஒருவரிடம் விட்டுத் திறவுகோலையும் கொடுத்துவிட்டு ஊர் செல்வோருக்கு என்ன சான்று உண்டு? இந்நாளில் பெரும்பாலும் ஒரு நிழற்படமே முதற்சான்றாக நிற்கின்றது. வீடு காப்பவர் தம் படத்தை அனுப்புகிறார். வீட்டுக்குரியவர் அதனைப் பார்த்து ‘இவரை அழைக்கலாம்’ என்றோ ‘வேண்டா’ என்றோ நொடியில் முடிவு செய்கிறார். அவ்வாறாயின், தம்மைப் பற்றிய பல படங்களுள் எதனைத் தேர்ந்தெடுத்து அனுப்புவது நேர்மை? வினா சிறிதாகத் தோன்றினும், இஃது அறத்தைப் பற்றிய வினாவே என்பது நம் கருத்து.

நாம் வாழும் ஐதராபாத்து, செகந்திராபாத்து இரட்டை நகரங்களில் இவ்வினா வெறும் கற்பனையன்று. பத்மாராவ் நகர், மாரேட்பள்ளி, சைனிக்புரி போன்ற பகுதிகளில், பிள்ளைகளை அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் அனுப்பிவிட்டுத் தனித்திருக்கும் முதியோர் பலர். மகளின் பேறுகாலத்திற்கென ஐந்தாறு மாதங்கள் கடல் கடந்து செல்லும்போது, துளசி மாடத்திற்கு நீர் ஊற்றவும், மாலையில் விளக்கேற்றவும், வாசலில் காத்திருக்கும் நாய்க்குச் சோறிடவும் ஒருவர் வேண்டும். முற்காலத்தில் அத்தையோ சித்தியோ வந்து தங்குவர். இன்று அத்தை பெங்களூரில் இருக்கிறார்; சித்தி தம் மகனுடன் புனேயில் இருக்கிறார். ஆகவே, உறவு செய்த பணியை இன்று அயலார் செய்கின்றனர். உறவினர்க்குப் படம் தேவையில்லை. அயலார்க்கு அது தேவைப்படுகின்றது.

நமக்குத் தெரிந்த அம்மையார் ஒருவர். அவருடைய கணவர் நம்மைப் போலவே மைய அரசு அலுவலகமொன்றில் எழுத்தராக இருந்து மறைந்தவர். குடும்ப ஓய்வூதியத்தைக் கொண்டு வீட்டு வாடகையும் மகளின் படிப்பும் நடந்தாக வேண்டும். அம்மையாரோ நாய், பூனை, பசு என எவ்வுயிரையும் தம் பிள்ளைபோல் பேணுபவர். வீடு காக்கும் பணியை ஏற்கலாம் என்று முடிவு செய்தார். படம் கேட்டார்கள். அவரிடம் இருந்தவை மூன்றே படங்கள். ஒன்று, ஆதார் அட்டையில் உள்ள படம். கண்கள் மருண்டு, குற்றவாளியைப் பிடித்து நிறுத்தியது போல் அமைந்தது. மற்றொன்று, ஓய்வூதியத் தாள்களுக்காகக் கணவரும் அவரும் சேர்ந்து எடுத்துக்கொண்டது. அலுவலக விதி கேட்கும் கூட்டுப் படம். மூன்றாவது, எதிர்வீட்டுச் சிறுவன் கைப்பேசியில் எடுத்தது, படிக்கட்டில் அமர்ந்து தெருநாய் ஒன்றுக்குத் தயிர்சோறு பிசைந்து வைக்கிறார், முகம் பாதிதான் தெரிகிறது, தலை கலைந்திருக்கிறது.

மகள் நான்காவது வழி ஒன்றைச் சொன்னாள். பட்டுப்புடைவை உடுத்தி ஸ்டூடியோவில் புதுப்படம் எடுக்கலாம். நிறத்தைச் சற்று வெளுப்பாக்கலாம். தோழி வீட்டு லாப்ரடாரை அருகில் நிறுத்திக்கொள்ளலாம் என்பது அவள் யோசனை. அம்மையார் நம்மிடம், “அண்ணா, பொய் சொல்லவும் கூடாது, பிழைக்கவும் வேண்டும். எந்தப் படத்தைக் கொடுப்பது?” என்று கேட்டார். அவ்வினாவுக்கு விடை தேடும் முயற்சியே இக்கட்டுரை.

படத்திற்காக ஒப்பனை செய்துகொள்வதே பொய்யாகுமோ என்பதை முதற்கண் ஆராய்வோம். இதற்கு நம் ஊரிலேயே ஒரு சான்று உண்டு. மீரட்டுக்கு அருகிலுள்ள சர்தனாவில் 1844ஆம் ஆண்டு பிறந்து, ரூர்க்கியில் பொறியியல் கற்று, இந்தூரில் பொதுப்பணித் துறையில் பணியாற்றிய லாலா தீன் தயாள், பின்னர் ஆறாம் நிஜாம் மகபூப் அலி கானின் அரசவை நிழற்படக் கலைஞரானார். செகந்திராபாத்தில் அவருடைய படக்கூடம் புகழ்பெற்று விளங்கியது. நிஜாம் அவருக்கு ‘முசவ்விர் ஜங்’ என்னும் பட்டம் அளித்தார். 1905இல் அவர் மறைந்தார். அக்காலப் படக்கூடங்களில் திரைச்சீலையில் தீட்டிய தூண்களும் மாளிகைகளும் பின்னணியாக நிற்கும். அத்தூண்களின் முன் நின்றவரை யாரும் ‘பொய்யர்’ என்று சொன்னதில்லை. ஏன்? தூண் தீட்டப்பட்டது என்பதைப் படம் எடுப்பவரும் அறிவார், நிற்பவரும் அறிவார், பார்ப்பவரும் அறிவார். மூவரும் அறிந்த வழக்கில் ஏமாற்று இல்லை. விருந்தினர் வரும்போது குளித்துத் தூய ஆடை உடுத்துவது எவ்வாறு பொய்யன்றோ, அவ்வாறே படத்திற்கென முகம் துடைத்துத் தலை வாரிக்கொள்வதும் பொய்யன்று. அது மரியாதை.

தீன் தயாள் வரலாற்றில் மற்றொரு செய்தியும் நம் சிந்தனைக்கு உரியது. 1892இல் அவர் ஐதராபாத்தில் பெண்களுக்கென்றே தனிப் படக்கூடம் ஒன்றைத் தொடங்கினார். திரைமறைவில் வாழ்ந்த மகளிர் ஆடவர் கண்ணில் படாமல் படம் எடுத்துக்கொள்ள, ஆங்கிலப் பெண்மணி ஒருவர் அதனைப் பொறுப்பேற்று நடத்தினார். இதனால் பெறப்படும் உண்மை யாது? படம் எவ்வாறு எடுக்கப்படுகிறது என்பது மட்டும் வினாவன்று. அதனை யார் பார்க்கப்போகிறார் என்பதும் வினாவே. தம் முகத்தை யாருக்கு, எந்த அளவு காட்டுவது என்று முடிவு செய்யும் உரிமை முகத்துக்குரியவருடையது. எனவே ஒன்றைக் காட்டாமல் விடுவது வேறு. இல்லாததைக் காட்டுவது வேறு.

இவ்வேறுபாட்டைக் கொண்டு நான்கு படங்களையும் எடைபோடுவோம். கணவருடன் உள்ள கூட்டுப் படத்தை அனுப்பினால், வீட்டில் ஆண்துணை உண்டு என்று பார்ப்பவர் எண்ணுவர். கைம்பெண் என்று தெரிந்தால் நல்ல நாளில் வாசலில் நிற்கக் கூடாது என்று கருதும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. தனியள் என்று தெரிந்தால் வேறு வகை அச்சங்களும் உண்டு. ஆகவே அம்மையார் மனம் அப்படத்தை நாடியதில் வியப்பில்லை. தாம் கைம்பெண் என்பதைச் சொல்லாதிருக்க அவருக்கு முழு உரிமை உண்டு. ஆனால் மறைந்தவரை உடன் இருப்பவராகக் காட்டும்போது எல்லை கடக்கப்படுகிறது. இருவர் காவல் என்று நம்பிய வீட்டில் ஒருவர் காவலே இருக்கும். நம்பிக்கை எதன்மேல் வைக்கப்படுகிறதோ, அதுவே மாறிவிடுகிறது.

இங்கே ஓர் அளவுகோல் நமக்குக் கிடைக்கின்றது. எந்தக் காரணத்திற்காக அயலார் நம்மை நம்புகிறாரோ, அந்தக் காரணத்தில் கலப்படம் கூடாது. பத்தாண்டுக்கு முந்தைய படத்தை அனுப்பலாமா? சங்கிலியை இழுத்துக்கொண்டு பாயும் பெரிய நாயைப் பிடிக்க உடல்வலிமை தேவை; ஆகவே வயதை மறைப்பது காப்புக்குரிய உயிருக்கே தீங்காகும். தோழியின் லாப்ரடாருடன் நிற்கலாமா? படத்தில் உள்ள நாயும் மெய், அம்மையாரும் மெய். ஆயினும் ‘இந்நாய் என்னிடம் பழகியது’ என்று அப்படம் சொல்லாமல் சொல்லும் செய்தி பொய். ஒவ்வொரு துளியும் மெய்யாக இருந்தும் முழுமை பொய்யாகும் விந்தை நிழற்படத்திற்கு உண்டு.

நிறத்தை வெளுப்பாக்குவது எவ்வகையைச் சேரும்? இது சற்று நுட்பமானது. நாய்க்குச் சோறிடுவதற்கும் மேனி நிறத்திற்கும் தொடர்பில்லை. ஆகவே நிறத்தை மாற்றுவதால் வீட்டுக்காரர்க்கு இழப்பு ஒன்றுமில்லை என்று வாதிடலாம். ஆனால் தவறான அளவுகோலுக்குத் தம்மைத் தாமே உட்படுத்திக்கொள்வதால் இழப்பு வேறிடத்தில் விழுகிறது. ‘வெளுத்த முகமே நம்பத்தக்க முகம்’ என்னும் பொய்க்கு நாமும் ஒரு சாட்சி சொன்னவராகிறோம். அடுத்து வரும் கரிய நிறத்துப் பெண்ணுக்கு அக்கதவு மேலும் இறுகிவிடும். ஏமாற்றப்படுபவர் வீட்டுக்காரர் அல்லர். நமக்குப் பின்னால் வரிசையில் நிற்பவரே.

ஆயினும் படம் தருபவர்க்கு மட்டும் அறம் உரைத்து, படம் பார்ப்பவரை விட்டுவிடுதல் நீதியாகாது. பார்வைக்கும் அறம் உண்டு. நெற்றியைப் பார்த்துச் சாதி அறிய முயல்வதும், தொப்பியையோ சிலுவையையோ கண்டு பக்கத்தைத் திருப்புவதும், காப்பவரைத் தேர்ந்தெடுப்பதாகா. தம் முன்முடிவைக் கண்ணாடியில் பார்த்துக்கொள்வதாகும். கண்டது கொண்டு விரைந்து முடிவு செய்தால் விளைவது யாது என்பதற்குக் கீரிப்பிள்ளையின் கதை ஒன்றே போதும். குழந்தையைத் தீண்ட வந்த பாம்பைக் கொன்று, குருதி படிந்த வாயுடன் வாசலுக்கு ஓடிவந்த கீரியைக் கண்டு, குழந்தையைக் கொன்றுவிட்டது என்றெண்ணிப் பார்ப்பனி அதனைக் கொன்றாள். அவள் கண்ட காட்சி மெய். கொண்ட பொருள் பொய். வீட்டைக் காத்த உயிர் முகத்தோற்றத்தால் தண்டிக்கப்பட்டது.

இக்கதை சிலப்பதிகாரத்தில் எவ்விடத்தில் சுட்டப்படுகிறது என்பதை எண்ணிப் பார்த்தால் வியப்பே மிகும். அஃது அடைக்கலக் காதையில் வருகின்றது. அக்காதையிலேதான் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரி என்னும் இடையர்குல முதுமகளிடம் அடைக்கலமாக ஒப்படைக்கிறார். எதனைக் கண்டு ஒப்படைத்தார்? பசுக்களைப் பேணி அவற்றின் பயனை ஊருக்கு வழங்கும் ஆயர் வாழ்க்கையில் கொடுமை இல்லை என்பதையும், மாதரி நேர்மையும் இரக்கமும் உடையவள் என்பதையும் எண்ணியே ஒப்படைத்தார். அழகையோ அணியையோ அவர் பார்க்கவில்லை. வாயில்லா உயிர்களிடம் அவள் நடந்துகொண்ட முறையையே சான்றாகக் கொண்டார். அடைக்கலம் பெற்றவளும் அதனை எத்துணைப் பெரிதாகக் கருதினாள்! கோவலன் கொலையுண்டபின், காக்க இயலாமற்போன துயர் தாங்காது மாதரி தீயில் பாய்ந்து உயிர்விட்டாள் என்று பிற்பகுதியில் மாடலன் வாயிலாக அறிகிறோம். அத்தகைய முடிவை நாம் எவர்க்கும் பரிந்துரைக்கவில்லை. ஒப்படைக்கப்பட்டதன் எடையை நம் முன்னோர் எவ்வாறு உணர்ந்தனர் என்பதற்கே அதனைக் கூறுகிறோம்.

வள்ளுவர் இதனை இரு நிலையில் வைத்துப் பேசுகிறார். குறிப்பறிதல் அதிகாரத்தில், நெஞ்சில் உள்ளதை முகம் பளிங்கு போலக் காட்டிவிடும் என்கிறார். தெரிந்துதெளிதல் அதிகாரத்திலோ, ஒருவருடைய பெருமைக்கும் சிறுமைக்கும் உரைகல் அவரவர் செயலே என்கிறார். இரண்டும் முரண் அல்ல. முன்னையது நம் எதிரே நின்று பேசி, மலர்ந்தும் சுளித்தும் மாறும் உயிருள்ள முகம். நிழற்படமோ அம்முகத்தின் ஒரு நொடியைப் பிடித்து உறையச் செய்தது. அந்த நொடியில் செயலும் சேர்ந்து பதிந்திருந்தால், படம் வள்ளுவர் சொன்ன உரைகல்லுக்குச் சற்று அருகில் வருகிறது.

ஆகவே அம்மையாரிடம் நாம் சொன்னது இதுவே. மூன்றாவது படத்தை அனுப்புக. முகம் பாதி தெரிந்தாலும், கை முழுவதும் தெரிகிறது. செய்யப்போகும் பணியும் தெரிகிறது. வீட்டுக்குரியவர் அடையாளம் கேட்டால் ஆதார் அட்டையை நேரில் காட்டுக. அதனைக் கேட்க அவர்க்கு உரிமை உண்டு. கூட்டுப் படம் வீட்டுச் சுவரில் இருக்கட்டும். அது விற்பனைக்கு உரியதன்று.

அவர் அவ்வாறே செய்தார். இரண்டு வீடுகளிலிருந்து விடையே வரவில்லை. மகள் சற்று வருந்தினாள். பட்டுப்புடைவைப் படம் என்றால் வந்திருக்கும் என்றாள். வந்திருக்கலாம், நாம் மறுக்கவில்லை. நேர்மைக்கு உடனே கூலி கிடைக்கும் என்று உறுதி கூற எவராலும் இயலாது. மூன்றாவதாக, சைனிக்புரியில் ஒரு முதியவர், “ஒருநாள் நேரில் வாருங்கள் அம்மா, எங்கள் நாய் உங்களைப் பார்க்கட்டும்” என்று அழைத்தார். இப்போது அவ்வீட்டைக் காத்து வருபவர் அம்மையாரே. வீட்டுக்காரர் சென்ற முதல் இரண்டு நாள் நாய் உணவைத் தொடவில்லையாம். வாசற்படியில் அதனருகே அமர்ந்திருந்தாராம். மூன்றாம் நாள் உண்டதாம்.

அந்த முதியவர் சொன்ன சொல்லில் பெரிய உண்மை அடங்கியிருக்கிறது. நாய்க்குப் படம் புரியாது. நிறமும் பட்டும் அதற்கு ஒன்றே. வரும் மனிதரின் நடையையும் குரலையும் மணத்தையும் கொண்டே அது முடிவு செய்யும். விண்ணுலகத் தேர் வந்து நின்றபோதும், தன்னை நம்பித் தொடர்ந்த நாயைக் கைவிட மறுத்த தருமனைப் பாரதம் காட்டுகின்றது. அவன் பெருமை அவனுடைய முடியில் இல்லை, கைவிடாமையில் இருந்தது. 

படம் வாசலைத் திறக்கலாம். உள்ளே சென்றபின் அதனால் பயனில்லை. நாம் அனுப்பும் படம் நம் அழகின் விளம்பரமாக இராமல், நாம் காக்கவிருக்கும் வாக்கின் முன்னுரையாக இருத்தல் வேண்டும். கதவு திறக்கும் அந்நாளில், ‘படத்தில் கண்டவர் இவர்தாம்’ என்று வீட்டுக்காரர் சொல்ல வேண்டும். ஊர் திரும்பும் நாளில், ‘படத்தில் கண்டதினும் நல்லவர்’ என்று அவர் எண்ண வேண்டும். அவ்விரண்டிற்கும் இடம் தரும் படம் எதுவோ, அதுவே தேர்ந்தெடுக்கத் தக்கது.