பணியாதே, பகைக்காதே!

திருமலை அன்னப்பிரசாதக் கூடத்தில் நீயும் உட்கார்ந்திருப்பாய். இலை விரியும். ஆவி பறக்கச் சோறு விழும். சாம்பார், ரசம், மோர் என்று வாளிகள் வரிசையாக வரும். ஒரு கூடத்தில் ஒரே நேரத்தில் ஆயிரம் பேர்! பக்கத்து இலைக்காரர் எந்த ஊர், என்ன சாதி என்று யாரும் கேட்பதில்லை. பசியாறிக் கைகழுவி வெளியே வந்தாயே, அந்தக் கூடத்தின் பெயரைப் படித்தாயா?

மாத்ருஸ்ரீ தரிகொண்ட வெங்கமாம்பா!

அரசியா? ஜமீன் வீட்டுச் சீமாட்டியா? இல்லை. 1730-இல், பழைய சித்தூர் மாவட்டத்தின் தரிகொண்டா கிராமத்தில் பிறந்தவர். விவரம் தெரியாத வயதில் கல்யாணம். விவரம் தெரியும் முன்பே கைம்மை. தலையை மழி, பொட்டை அழி, மூலையில் உட்கார் என்றது ஊர். வேங்கடவனையே கணவனாக வரித்தவர், அவன் இருக்க நான் எப்படிக் கைம்பெண் ஆவேன் என்று நிமிர்ந்து நின்றார். பொட்டும் பூவும் கூந்தலும் அவரை விட்டுப் போகவில்லை.

ஊர் தூற்றியது. அவர் மலையேறினார். அங்கும் தொல்லை தொடர்ந்தது. தும்புரு தீர்த்தக் குகையில் ஆண்டுக்கணக்கில் தவமிருந்தார் என்பார்கள். அந்தக் காயங்களுக்கெல்லாம் அவர் பழிவாங்கிய விதம் என்ன தெரியுமா? வேங்கடாசல மகாத்மியம் எழுதினார். துவிபத பாகவதம் எழுதினார். மலைக்கு வந்தவர்களின் பசியாற்றினார். வசை பாடிய உலகத்துக்குப் பாட்டும் சோறும் கொடுத்தார்!

1817-இல் மறைந்தார். ஆனால், ஒவ்வோர் இரவும் ஏகாந்த சேவையில் பெருமாள் உறங்கப் போகுமுன் கவிஞர் அன்னமய்யாவின் தாலாட்டு ஒலிக்கிறது. கூடவே வெங்கமாம்பாவின் பெயரால் முத்து ஆரத்தி எடுக்கிறார்கள். அமங்கலம் என்று ஒதுக்கப்பட்டவரின் ஆரத்தி இல்லாமல் அந்த மலையில் நாள் முடிவதில்லை!

தோழனே, தோழியே! துணிச்சல் என்பது தொண்டை கிழியக் கத்துவதல்ல. சமாதானம் என்பது தலைகுனிந்து போவதும் அல்ல. தன் நெற்றிப் பொட்டை விட்டுக்கொடுக்காத கைதான் ஊருக்குச் சோறு போட்டது. உன்னை மட்டம் தட்டுகிறவர்கள் முன் கூனாதே. அவர்களைக் கெடுக்க நினைத்து உன் நாட்களையும் எரிக்காதே. உன் வேலையைச் செய். நன்றாகச் செய். நாலு பேருக்குப் பயன்படும்படி செய். பதிலை அந்த வேலை சொல்லும்.

இன்னொன்றும் சொல்வேன். கணவனை இழந்த அக்காவையும் அத்தையையும் கல்யாண வீட்டில் தூண் மறைவில் நிற்க வைக்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. திருமலையில் அந்தப் பந்தியில் சாப்பிட்டவன் அந்தக் கொடுமையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கலாமா? யாரோடும் சண்டை வேண்டாம். நேரே போ. அக்காவின் கையைப் பிடித்து மணமேடைக்கு அழைத்து வா. அட்சதைத் தட்டை முதலில் அவர் கையில் கொடு!