மூளைப்படமும் வினைப்பயனும்

மனச்சிதைவு என்னும் நோய் இளமையில் முதன்முறை தோன்றித் தணிந்தபின், உற்றார் நெஞ்சில் எழும் வினா, இது மீண்டும் வருமோ என்பதே. அவ்வச்சம் காரணமில்லாததன்று. முதல் நோயினின்று தேறியோரைத் தொடர்ந்து நோக்கி, நியூயார்க்கில் ராபின்சன் முதலியோர் 1999-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஐந்தாண்டுக்குள் நூற்றுக்கு ஏறக்குறைய 82 பேர்க்கு நோய் மீண்டது. மருந்தை நிறுத்தியோர்க்கு அவ்விடர் ஏறக்குறைய ஐந்து மடங்காயிற்று. ஆதலின், மூளையைப் படமெடுத்து, யார்க்கு நோய் மீளும் என முன்னறிய அறிஞர் முயல்கின்றனர். அப்படத்தை ஓருயிரின் வினையெழுத்தாகக் கொள்ளலாமோ என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

படம் காட்டுவது யாதென முதற்கண் அறிதல் வேண்டும். 1976-இல் இலண்டனையடுத்த நார்த்விக் பார்க்கில் ஈவ் ஜான்ஸ்டன் முதலியோர், நெடுங்கால நோயாளரின் மூளையிலுள்ள நீரறைகள் பிறரினும் விரிந்திருத்தலைக் கணினிப்படத்தாற் கண்டனர். பின்னர்த் தொடக்கநிலை நோயாளரிடத்தும் சிறு வேறுபாடுகள் காணப்பட்டன. ஆயினும், அவை பலரைத் தொகுத்தெடுத்த சராசரியிற் புலப்படுவன; நோயுள்ளாரும் இல்லாரும் ஆகிய பலருடைய அளவு ஒத்தே நிற்கும். ஆகலின், ஒருவர் படத்தை மட்டும் நோக்கி அவர்க்கு நோய் மீளுமெனத் துணிந்துரைக்கும் முறை மருத்துவ வழக்கில் இன்னும் நிலைபெற்றிலது.

நாளை அம்முறை செம்மையுறின் என்னையெனின், அப்பொழுதும் படம் கருவியின் நிலையையே காட்டும். சிவஞானபோத நான்காஞ் சூத்திரம் ஆன்மாவை அந்தக்கரணங்களின் வேறாக நிறுவி, அவற்றொடு அது கூடிநிற்குமாற்றை அமைச்சரொடு கூடிய அரசன்மேல் வைத்து விளக்கிற்று. அமைச்சர் தடுமாறுங்கால் அரசனாணை செல்லாது. அதுகொண்டு அரசனே இலனென்பார் இலர். மூளையோ தூலவுடம்பின் உறுப்பு. அதன் ஊறு கரணங்களின் தொழிலை மயக்குமேயன்றி, உயிரின் தகுதியை அளக்கும் கோலாகாது.

பிராரத்தமே நோயாய் வந்ததாகலின் மருந்தாற் பயனென்னையெனின், அதுவும் பொருந்தாது. பசியும் நுகர்வினையே, அதுபற்றி உணவை விலக்குவார் யாருமிலர். வினைப்பயனைக் கூட்டுவோன் இறைவன். அவன் கணக்கைப் படித்தார்போலப் பிறரைக் கைவிடுதற்கு மாந்தர்க்கு உரிமையில்லை.

இன்னும் ஒன்றுண்டு. இலண்டனில் பிரவுன் முதலியோர் 1972-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், கடுஞ்சொல்லும் பகைமையும் அளவிறந்த கவலையும் மிக்க இல்லங்கட்குத் திரும்பியோருள் நூற்றுக்கு 58 பேர்க்கும், அவை குறைந்த இல்லங்கட்குத் திரும்பியோருள் 16 பேர்க்கும் ஒன்பது திங்களுள் நோய் மீண்டது. இல்லத்தார் நோயை உண்டாக்கினர் என்பது இதன் கருத்தன்று. நோயின் இயல்பைக் குடும்பத்தார்க்கு அறிவுறுத்திப் பயிற்றியவிடத்து அது மீளுதல் குறைந்தமை பின்வந்த ஆராய்ச்சிகளாற் பெறப்பட்டது.

ஆகவே, நோயுற்றார்தம் பிராரத்தத்தைப் படத்திலே தேடுவோர், அவரிடத்துத் தாம் உரைக்குஞ் சொல்லால் தமக்கு ஏறும் ஆகாமியத்தை மறத்தலாகாது. மருந்தைத் தவறாது ஊட்டலும், இன்சொல் வழங்கலும், இகழாது உடனிருத்தலும் இல்லத்தார் கையிலுள்ளன. அவற்றைச் செய்து, எஞ்சியதைச் சிவபெருமான் திருவருளுக்கு விடுத்தலே சைவர் கடன்.