பூச்சுக்கு அடியில்

இங்கிலாந்தின் ஆபிங்டன் நகரில் 1962 முதல் 1980 வரை உருவான எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் கார்களுக்குத் தனி அடிச்சட்டம் இல்லை. எஃகுக் கூடே சட்டமுமாகும். கூரை திறந்த வண்டியின் பாரத்தைப் பெரிதும் தாங்குபவை, கதவுகளுக்குக் கீழே ஓடும் பெட்டி வடிவப் பகுதிகளே. அவை உள்ளிருந்தே துருப்பிடிக்கின்றன.

துருவின் மேல் தகடு ஒட்டி, வண்ணம் பூசி விற்றுவிடலாம். வாங்குபவர் அறியார், என்றோ ஒரு மோதலில் அவர் உயிரே விலையாகலாம். நேர்மையான பழுதுபார்ப்போ, நல்ல இரும்பு தென்படும்வரை வெட்டியெடுத்துப் புதியதைப் பற்றவைக்கிறது. வெட்டுமுன் கதவு வாயிலுக்குக் குறுக்கே தாங்கல் கொடுக்கிறது. இல்லையேல் வண்டியே தொய்ந்துவிடும்.

நாமோ நம் குறைகளைப் பூசி மறைக்கிறோம். பிறர் குறைகளைத் தாங்கல் கொடாமலே வெட்டத் துணிகிறோம். எவரும் காணாத இடத்தில் செய்யும் வேலையன்றோ நம் நேர்மைக்கு உரைகல்?