அழித்த கிளை

ராஜபாளையத்தில் ஒரு கல்யாண வீடு. கூடத்துச் சுவரில் பெரிய போட்டோ: ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் கோபுரம், அதன் பின்னால் மேற்கு மலை, செக்கச் சிவந்த அந்தி வானம், அதில் தாம்பாளம் போல முழு நிலா. பந்தியில் என் பக்கத்தில் இருந்த சம்சாரி, "பௌர்ணமி நெலா பொழுதடையும்போது கெழக்கதான கெளம்பும்? இங்க மட்டும் எப்படி மலைப்பக்கம் நிக்குது?" என்று கேட்டுவிட்டு, ரசத்துக்காகச் சோற்றில் குழி பறித்தார்.

மலை அவ்வளவு பெரிதாகத் தெரிந்ததில் எனக்கு வருத்தமில்லை. கிழக்கே தள்ளி நின்று டெலி லென்ஸில் எடுத்தால் மலை கோபுரத்தின் தோளில் வந்து உட்காரும். நிலா அப்படியல்ல, ஒட்டியது. 1982 பிப்ரவரியில் நேஷனல் ஜியாகிரபிக் அட்டைக்கு அடங்கவேண்டும் என்று எகிப்தின் பிரமிடுகளைக் கம்ப்யூட்டரில் நெருக்கி வைத்தார்கள். அந்தப் பழி இன்னும் தீரவில்லை. பக்கத்துச் சிவகாசியில் முருகனுக்குப் பின்னால் பனிமலையை அச்சடித்தால் யாரும் சண்டைக்குப் போவதில்லை. காலண்டர் 'நான் பார்த்தேன்' என்று சொல்வதில்லையே. போட்டோ சொல்கிறது. கீழே ஊரும் தேதியும் போட்டுவிட்டால் சத்தியமே செய்கிறது.

ஒட்டியதையாவது ஒரு சம்சாரி கண்டுபிடித்துவிடுவார். அழித்ததை?

நான் அழித்திருக்கிறேன். செண்பகத்தோப்பில் இரண்டு நாள் கழுத்து வலிக்க அண்ணாந்து கிடந்து எடுத்த சாம்பல் நிற அணில். அதற்காகவே 1988இல் சரணாலயமான காடு அது; 2021இல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமாகியிருக்கிறது. அணில் அருமையாக விழுந்திருந்தது. குறுக்கே ஒரு புளியங்கிளை மட்டும் உறுத்தியது. வீட்டில் உட்கார்ந்து பத்தே நிமிடத்தில் எடுத்துவிட்டேன். சர்வதேசப் போட்டிகளின் இயற்கைப் பிரிவில் ஓரத்தை வெட்டலாம், வெளிச்சத்தைச் சரிசெய்யலாம். எதையும் சேர்க்கவோ நகர்த்தவோ அழிக்கவோ கூடாது. தெரியும். நான் போட்டிக்கா அனுப்பப்போகிறேன் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். (இந்தச் சமாதானம் எல்லாருக்கும் கைவசம் இருக்கும்.)

அடுத்த முறை போனபோது பிரிண்டை அங்கே காவலுக்கு இருக்கும் அண்ணனிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். அணிலின் இடது பக்கம், வெறும் பச்சையாக இருந்த இடத்தில் விரலை வைத்தார்.

"சார், இது பறந்தா வந்துச்சு?"

இந்த அணில் தரைக்கு இறங்குவது அபூர்வம். மரத்துக்கு மரம் கிளை வழியாகவே போகும். கூட்டையும் பெரும்பாலும் பக்கத்து மரக்கிளைகள் வந்து தொடும் இடத்தில்தான் கட்டும். கழுகு வந்தால் எந்தப் பக்கமும் தாவிவிடலாம். கிளைத் தொடர்ச்சி அறுந்த இடத்தில் அதற்குப் பிழைப்பு இல்லை. அதன் பாதையைத்தான் நான் குப்பை என்று துடைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து ஒரிஜினலைத் திறந்தேன். அந்தக் கிளையின் நுனியில் பாதி கடித்த புளியங்காய் ஒன்று தொங்கியது. அழிக்கும்போது அது என் கண்ணிலேயே படவில்லை.